லைனிலேயே இருங்கள், அம்மா

பிப்ரவரி 17, சனி. பெர்த்

வந்து சேர்ந்துவிட்டேன். உடம்பு அடித்துப்போட்டது போல வலிக்கிறது. முதல் பேறுகாலத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வரவேண்டும் என்பது முறை. என் மகள் பியூலா தூத்துக்குடிக்கு வரமாட்டாளாம். வேலையாம், இன்சூரன்ஸாம். மகள் வராவிட்டால் தாய்வீடு கிளம்பிப் போகவேண்டியதுதானே என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கே வந்துவிட்டேன்.

பெட்டியில் பேறுகாலக் காய மருந்து, உடன்குடிக் கருப்பட்டி, தொலி உளுந்து. அடியில், சேலைக்கு நடுவில், பால்சுறாக் கருவாடு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேறு எதைக் கொடுப்பதாம்? விமானத்தில் ஒரு கார்டைக் கொடுத்து, மீன் உண்டா, இறைச்சி உண்டா, விதை உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று டிக் அடித்தேன். கருவாடு எப்படி மீனாகும்? மீனாக இருந்தபோதுதான் அது மீன். விமான நிலையத்தில் ஒரு நாய் பெட்டி பெட்டியாக மோந்துகொண்டே வந்து என் பெட்டியைத் தாண்டிப் போனது. கர்த்தர் பெரியவர்.

நாய்க்குத் தெரியாதது பியூலாவுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் பெட்டியைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தாள். "எம்மா, கருவாடா? ஏர்போர்ட்ல சொல்லித்தான கொண்டாந்த?"

"சொல்லாம என்ன? எல்லாத்தையும் காட்டித்தான் கொண்டாந்தேன்" என்றேன். பிள்ளைத்தாய்ச்சியைக் கலவரப்படுத்தக் கூடாது.

பிப்ரவரி 20, செவ்வாய்

சாப்பிடும்போது மகள் எனக்குப் பாடம் எடுத்தாள். "எம்மா, தெரியாத நம்பர் வந்தா எடுக்காத. இங்க ஏமாத்துக்காரனுவ ஜாஸ்தி. கவர்மெண்ட்டு, பேங்க்குன்னு பேசுவானுவ. கவர்மெண்ட்டு எவன்கிட்டயும் போன்ல காசு கேக்காது, பாத்துக்கோ."

யாரிடம் சொல்கிறாள்? தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டியே தலைமுடி கொட்டிப்போனவள் நான். கொழும்புக்கு டிரங்க் கால் போட்ட உப்பு வியாபாரிகள் முதல் கடன்காரனுக்குப் பயந்து பெயர் மாற்றிப் பேசினவர்கள் வரை எல்லாரையும் குரலிலேயே அளந்தவள். தங்கபுஷ்பத்தை ஒருவன் போனில் ஏமாற்றுவதாவது!

"எனக்கு அதுதாம்மா பயம்" என்றாள். "நீ போனை வைக்கவே மாட்ட. ராங் நம்பர்காரன்ட்டகூட சாப்ட்டியான்னு கேப்ப."

அது உண்மைதான். ஆபரேட்டர் தானாக லைனை வைக்கக் கூடாது, எதிராளி வைத்த பிறகுதான் வைக்கவேண்டும். அது எங்களுக்கு வேதம் மாதிரி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த மரியாதை எங்கே தெரியும்?

பிப்ரவரி 23, வெள்ளி

மருமகன் ரூபன் சுரங்க வேலைக்குப் போய்விட்டார். வடக்கே எங்கேயோ பாலைவனமாம், விமானத்தில்தான் போகவேண்டுமாம். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி வருவார். டாக்டர் சொன்ன நாள் அதற்குப் பிறகுதான். "அத்தை, நீங்க இருக்கீங்க, எனக்குக் கவலையில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். பியூலா வயிற்றைத் தள்ளிக்கொண்டு தினமும் லேபுக்குக் காரோட்டிப் போகிறாள். லீவு எல்லாம் பிள்ளை பிறந்த பிறகு சேர்த்து எடுத்துக்கொள்வாளாம். பிரஷர் கொஞ்சம் கூடுதல் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கலவரமே கூடாது.

துணி காயப்போட்டால் போட்ட கையோடு எடுத்துவிடலாம். வெயிலில் மட்டும் இந்த ஊர் நம்ம ஊர்.

பிப்ரவரி 26, திங்கள்

எழுதித்தான் வைக்கவேண்டும், இதை வேறு யாரிடம் சொல்ல?

பியூலா வேலைக்குப் போன பிறகு போன் வந்தது. முதலில் ஒரு வெள்ளைக்காரி குரல், ரெக்கார்ட் பண்ணியது. குடியேற்றத் துறை, ஒன்றை அமுக்கு என்றது. அமுக்கினேன். ஓர் ஆபீசர் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார். என் பெயரைக் கேட்டுவிட்டு, "தமிழா?" என்று லைனை மாற்றிவிட்டார்.

"வணக்கம்மா. என் பேர் நவநீதன். தமிழ்ப் பிரிவு ஆபீசர். பயப்படாதீங்க, நான் கேக்கறதுக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்க. நீங்க வரும்போது டிக்ளேர் பண்ணாத பொருள் ஒண்ணு உங்க பெட்டியில இருந்தது. எங்களுக்குத் தெரியும். நீங்களா சொல்லிட்டா நல்லது."

"சார், அது பால்சுறா சார். வெறும் கருவாடு. எம் மவளுக்குப் பேறுகாலம், அதுக்குத்தான்."

"அதேதான்மா. பால்சுறா" என்றார்.

பால்சுறா என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறார்கள்! அந்த நாய் சும்மா போகவில்லை. மகள் பெயரைச் சரிபார்க்கவேண்டும், சொல்லுங்கள் என்றார். சொன்னேன். "கரெக்ட்" என்றார். வீட்டு முகவரி, என் பாஸ்போர்ட் நம்பர், எல்லாவற்றையும் நான் சொல்லச் சொல்ல அவர் கையிலிருக்கும் பைலோடு ஒத்துப்போனது. அரசாங்கத்துக்குத் தெரியாதது என்ன இருக்கிறது.

என் விசாவை ரத்து செய்து இந்த வாரமே விமானத்தில் ஏற்றிவிடுவார்களாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. "சார், பிள்ள பொறக்கிற வரைக்குமாவது விடுங்க சார். அவளுக்கு வேற யாரும் இல்ல."

ஏதோ காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "உங்க குரலைக் கேட்டா எங்க அம்மா ஞாபகம் வருது. பாக்கறேன். ஆனா ஒண்ணும்மா, இது ரகசிய விசாரணை. மகள்கிட்ட சொன்னீங்கன்னா அவங்களும் உடந்தைன்னு ஆயிடும். அவங்க பி.ஆர்., இங்கயே தங்கற உரிமை, போயிடும்" என்றார்.

அவர் வைத்த பிறகுதான் வைத்தேன். நல்ல மனிதர்.

பிப்ரவரி 27, செவ்வாய்

சோறு இறங்கவில்லை. கருவாட்டைக் கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் புதைத்துவிட்டேன். "எங்கம்மா அந்த வாடை காணோம்?" என்றாள் பியூலா. பூச்சி பிடித்துவிட்டது, தூரப் போட்டேன் என்றேன்.

பிப்ரவரி 28, புதன்

ஜாமீன் கட்டினால் பேறுகாலம் முடியும் வரை இருக்கலாமாம். நவநீதன் சார் மேலிடத்தில் கெஞ்சி வாங்கித் தந்திருக்கிறார். ரொக்கமாக வாங்கமாட்டார்களாம். கடையில் தொங்குகிற பரிசுக் கார்டுகளை வாங்கி, பின்னால் இருக்கும் நம்பரைச் சுரண்டிச் சொல்லவேண்டுமாம். பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடுவதற்கான கார்டு அது. அரசாங்கத்துக்கு எதற்கு விளையாட்டுக் கார்டு என்று கேட்டே விட்டேன். "இங்க எல்லாமே டிஜிட்டல்மா" என்றார். நம் ஊரில் கருவேப்பிலைக்காரிகூட போனில்தான் காசு வாங்குகிறாள், இருக்கும்.

கடையில் கார்டுகளுக்குப் பக்கத்தில் ஏதோ மஞ்சள் போர்டு மாட்டியிருந்தார்கள். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன். கல்லாப்பெட்டியில் இருந்த சின்னப்பெண், இத்தனை கார்டு யாருக்கு, யாராவது வாங்கச் சொன்னார்களா என்று என்னைத் துருவித் துருவிக் கேட்டாள். என்ன திமிர்! திருடியைக் கேட்கிறது போல. பேரப்பிள்ளைகளுக்கு என்றேன். எத்தனை பேரப்பிள்ளைகள் என்றாள். கர்த்தர் கொடுத்த அளவு என்றேன்.

பிள்ளைக்குச் செயின் எடுக்க வைத்திருந்த பணம் அது. போகட்டும். செயின் பிறகு போடலாம், பிறக்கும்போது பக்கத்தில் இருப்பதைப் பிறகு செய்ய முடியுமா?

மார்ச் 1, வெள்ளி

திரும்பவும் கேட்டார். பைலில் மகள் பெயரையும் சேர்க்கப் பார்க்கிறார்களாம், அதை எடுக்கத் தனி ஜாமீன். இந்தத் தடவை வேறு கடைக்குப் போனேன்.

பியூலா வந்ததும், "எம்மா, ஒன் போனு எப்பப் பாத்தாலும் பிஸி. யார்ட்ட பேசுத?" என்றாள்.

"ஊர்ல மதினிட்ட."

"மதினிட்ட நீ சண்டல்லா போட்டிருந்த?"

"சமாதானம் ஆயிட்டோம்" என்றேன். பொய் சொல்லப் பழகிவிட்டால் அது பாட்டுக்கு வருகிறது. பழிகாரி நாக்கு.

மார்ச் 3, ஞாயிறு

கோயிலுக்குப் போய்வந்தோம். தமிழ் ஆராதனைதான். வாயைத் திறந்து பாட வரவில்லை.

சாயங்காலம் பியூலா என் மடியில் தலைவைத்துப் படுத்தாள். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. தேங்காயெண்ணெய் போட்டு நீவிவிட்டேன்.

"எம்மா, எனக்குப் பயமா இருக்கும்மா."

"ஏட்டி, ஊர் ஒலகத்துல பெறாத பிள்ளையா?"

"ரூபன் வராட்டாலும் பரவால்ல. நீ உள்ள இருக்கணும். என் கையப் பிடிச்சிக்கிடணும். கத்துனா திட்டக்கூடாது."

"திட்டுவேன்" என்றேன். சிரித்தாள்.

அப்போது சொல்லியிருப்பேன். தொண்டை வரைக்கும் வந்தது. அவள் பிரஷர் ஞாபகம் வந்தது, பி.ஆர். ஞாபகம் வந்தது. விழுங்கிவிட்டேன். இந்த ஒரு வாரத்தில் நான் விழுங்கியது சோற்றைவிட அதுதான் அதிகம்.

மார்ச் 5, செவ்வாய்

நாளைக்கு விசாரணையாம். நேரில் போகவேண்டாம், வீடியோவில் காவல். காலையில் போனைப் போட்டால் அவர் சொல்கிற வரைக்கும் அணைக்கக் கூடாது, கேமரா முன்னாலிருந்து நகரக் கூடாது. நாளையோடு எல்லாம் முடிந்துவிடும், பிறகு நிம்மதியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஸ்தோத்திரம். நாளை ஒரு நாள்தானே.

மார்ச் 6, புதன்

பியூலா போய்விட்டாள். இடுப்பு பிடித்த மாதிரி இருக்கிறது என்றாள் காலையில். ராத்திரி கோணிப் படுத்திருப்பாய் என்றேன்.

போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்திருக்கிறேன். நவநீதன் சாரின் முகம் தெரியவில்லை. ஏதோ முத்திரை போட்ட படம் மட்டும் தெரிகிறது. என் முகம் அவருக்குத் தெரியுமாம்.

"என்னம்மா எழுதறீங்க?" என்றார். சமையல் குறிப்பு சார் என்றேன். சரி என்றார். இடையிடையே பேங்க் விவரம் கேட்கிறார். பென்சன் கணக்கையும் சரிபார்க்கவேண்டுமாம்.

அடுப்பில் ரசம் வைத்திருந்தேன். நகர விடவில்லை. கெஞ்சி, எழுந்துபோய்ச் சிம்மில் வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

பியூலா கூப்பிடுகிறாள். மேலே அவள் பெயர் வருகிறது. சாப்பிட்டாயா என்று கேட்பாள், தினமும் இந்த நேரத்துக்குக் கேட்பாள். "யாரும்மா?" என்றார் சார். மகள் என்றேன். "எடுத்தீங்கன்னா லைன் கட்டாயிடும். கட்டானா போலீஸ் கிளம்பிடும். லைனிலேயே இருங்கம்மா" என்றார். சிவப்பை அமுக்கினேன்.

மறுபடியும் கூப்பிட்டாள். அமுக்கினேன்.

மறுபடியும். இவளுக்கு என்ன இன்றைக்கு? ஏதோ மெசேஜ் அனுப்பியிருக்கிறாள், மேலே வந்து மறைந்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் லைன் கட்டாகிவிடுமோ என்று பயம். "சார், எம் மவ விடாமக் கூப்பிடுதா, ஒரே ஒரு நிமிசம்" என்றேன். "அம்மா, பேரக்குழந்தையைப் பாக்கணுமா வேண்டாமா? நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார்.

அமுக்கினேன்.

இப்போது கூப்பிடுவதில்லை. கோபம் வந்திருக்கும். சாயங்காலம் வந்து ஆடுவாள். ஆடட்டும், அவளுக்காகத்தானே.

காலையில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதே கண்ணில் நிற்கிறது. சூட்டு வலியாக இருக்கும். சூட்டு வலிதான்.

கதவைத் தட்டுகிறார்கள். வெளியே ஆங்கிலத்தில் ஆள் குரல். "யாரது?" என்று கேட்ட நவநீதன் சார் உடனே லைனை வைத்துவிட்டார். அவர் வேலை முடிந்தது போல.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போலீஸ்.

பியூலா, நீ இதைப் பார்த்தால்: ரசம் அடுப்பில் இருக்கிறது. காய மருந்து நீல டப்பாவில், மூன்றாம் நாளிலிருந்து கொடுக்கவேண்டும். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. பக்கத்தில் இருக்க முடியவில்லை மக்களே, அம்மாவை மன்னித்துக்கொள்.

மார்ச் 7, வியாழன். ஆஸ்பத்திரி

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும். இல்லாவிட்டால் நானே நாளைக்கு மாற்றிச் சொல்லிவிடுவேன்.

கதவைத் திறந்தேன். ஒரு பெண் போலீஸ், ஓர் ஆண் போலீஸ். "புஷ்பம்?" என்றாள் அவள். இரண்டு கையையும் நீட்டினேன், விலங்கு மாட்டட்டும் என்று. அவள் நான் விழப்போகிறேன் என்று நினைத்து என் கையைத் தாங்கிக்கொண்டாள். கடகடவென்று ஏதோ பேசினாள். இந்த ஊர் ஆங்கிலம், எனக்கு இருந்த பயத்தில் டாட்டர், கம் என்ற இரண்டு வார்த்தைதான் காதில் விழுந்தது. அவளையும் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்தேன். இரண்டு சேலை, பிரஷர் மாத்திரை, பைபிள், இந்த நோட்டு, எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினேன்.

வழியெல்லாம் கெஞ்சினேன். "மை டாட்டர் நோ மிஸ்டேக், மேடம். ஃபிஷ் ஈஸ் மைன். ஒன்லி மைன்."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, "வாட் ஃபிஷ்?" என்றாள்.

ஒன்றும் தெரியாதது போல வாயைப் பிடுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கார் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. உள்ளே போடுவதற்கு முன் உடம்பைச் சோதிப்பார்கள், அதற்காகத்தான் என்று நினைத்தேன். லிப்டில் ஏற்றினாள். நீளமாக நடந்தோம். ஒரு கதவைத் திறந்தாள்.

கட்டிலில் பியூலா. வெளிறிப்போய், தலையெல்லாம் கலைந்து. நெஞ்சில் துணியில் சுற்றின ஒரு பொடிப் பிள்ளை.

"எம்மா" என்றாள். "நீ இருக்கியா?"

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை.

"ஏம்மா போனை எடுக்கல? கீழ விழுந்து கெடக்கன்னு நெனச்சேன். செத்துட்டன்னு நெனச்சேன்" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிள்ளையும் சேர்ந்து அழுதது. லேபிலேயே பனிக்குடம் உடைந்திருக்கிறது. கூட வேலை பார்க்கிறவள்தான் கொண்டுவந்து சேர்த்தாளாம். வலியில் கத்தும்போதுகூட என் கையைப் பிடி என்று கத்தவில்லையாம், யாராவது போய் எங்கம்மாவைப் பாருங்கள் என்றுதான் கத்தினாளாம். நர்ஸ் சொன்னாள். ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் போலீசுக்குச் சொல்லி வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

பிறகு அந்தப் போலீஸ்காரப் பெண் என்னை வெளியே உட்காரவைத்து, டீ வாங்கித் தந்து, மெதுவாகப் பேசினாள். இப்போது புரிந்தது. எந்த அரசாங்கமும் கார்டு வாங்கச் சொல்லாதாம். எந்த ஆபீசரும் மகளிடம் சொல்லாதே என்று சொல்லமாட்டாராம். பயமுறுத்தினால் போனை வைத்துவிட்டு, அந்த ஆபீஸ் நம்பரை நாமே தேடிக் கூப்பிட்டுக் கேட்கவேண்டுமாம். என் பேங்குக்கு அவளே உட்கார்ந்து போன் போட்டுக் கொடுத்தாள். பென்சன் கணக்கு தப்பியது. கார்டில் போனது போனதுதான்.

"அவனுக்குப் பால்சுறாவெல்லாம் தெரிஞ்சிதே" என்று பியூலாவிடம் சொன்னேன்.

"நீ சொல்லாம அவனுக்கு எப்படிம்மா தெரியும்?"

யோசித்துப் பார்த்தேன். பாழாய்ப்போன வாய். எக்ஸ்சேஞ்சாம், குரலை அளப்பாளாம், த்தூ.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒன்றைத் தவிர. லைன் பிஸியா இருந்துச்சு, ஒன் கால் எனக்கு வரவே இல்ல என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்ச் 8, வெள்ளி

ஆண் பிள்ளை. ரூபன் காலையில் வந்து சேர்ந்தார். பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு ஓவென்று அழுதார். இப்போது காகிதத்தில் கையெழுத்துப் போடக் கீழே போயிருக்கிறார்.

பியூலா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "எம்மா, கால் வராம இருந்தா முழுசா மணி அடிச்சிட்டுத்தான நிக்கும். எனக்கு ஒரு மணி அடிச்ச ஒடனே கட்டாச்சு. ஒவ்வொரு தடவையும். நீதான கட் பண்ணுன?"

வேறு யாரிடமாவது என்றால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"ஆமா" என்றேன். "நாந்தான்."

அவள் வெகுநேரம் பிள்ளையின் தலையையே தடவிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எடுத்திருந்தா என்னம்மா பண்ணிருப்பான்? அப்படி என்ன சொல்லிப் பயமுறுத்துனான்?"

"லைனைக் கட் பண்ணுனா என்னைய ஊருக்கு அனுப்பிருவாங்கன்னான் மக்களே. ஒனக்குப் பிள்ள பொறக்கும்போது நான் பக்கத்துல இருக்க முடியாதுன்னான்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.